குறட்டை நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு

மகனே,

கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் 'அன்புள்ள' என்று போட வேண்டும், பிறகு சுகமா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் இன்று என் கை வரவில்லை. நீ பெங்களூரில் சுகமாகத்தான் இருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முந்தாநாள் போனில் அப்படிப் பேசினாய். வருகிற வியாழக்கிழமை எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அதைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டாய் என்று நினைத்தேன். நீயோ, "அம்மா, ஆஸ்பத்திரியிலயும் அந்த மெஷின் பேச்ச எடுத்துப்போடாத. இன்னும் மூணு வாரந்தான். தாலி ஏறட்டும், பொறவு சொல்லிக்கலாம்" என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மா சரி என்றுதான் வைத்தாள் என்று நீ நினைத்திருப்பாய். இதுதான் என் பதில். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று துண்டித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் சொந்தபந்தம் மொத்தமும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போட்டோ பிடித்துப் போடுவேன். மானம் போகிறது என்று குதிக்காதே. மானம், மானம் என்றுதான் என்னைக் கொல்லப் பார்த்தாய்.

குழுவில் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு ராசிபுரத்தில் நம் நாலு தறிகளையும் நான் ஒருத்தியாக ஓட்டினேன். பகலில் கண்ணைச் செருகிக்கொண்டு வரும். ஒரு நாள் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். விழித்துப் பார்த்தால் ஒரு முழம் துணி பாழாகக் கிடக்கிறது. படுத்தால் அப்படி ஒரு குறட்டை. ஆம்பளை குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பொம்பளை விட்டால் சிரிப்பார்கள். கல்யாண வீடுகளில் நான் எங்கே பாய் போடுகிறேன் என்று பார்த்துவிட்டு எதிர் மூலைக்குப் போகிற நாத்தனார்கள் எனக்கு உண்டு. அவர்களும் இதைப் படிக்கட்டும். தூக்கம் பற்றாததால்தான் இந்தக் கோளாறு என்று நானே முடிவு செய்து, மெடிக்கல் கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ராத்திரி செத்த மாதிரி கிடப்பேன். காலையில் தலை இரும்பாகக் கனக்கும். பற்றவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு அரை மாத்திரை சேர்த்துக்கொண்டேன். என்னைப் போல் ஒரு முட்டாள் இருப்பாளா? ஊரடங்கில் நீ வீட்டிலிருந்து வேலை பார்த்தாயே, அப்போதுதான் கண்டுபிடித்தாய். "அம்மா, நீ நடுநடுவுல மூச்சே உடறதில்ல, நின்னு போகுது" என்றாய். மாத்திரை அட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாய். சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைக்கிற அந்தப் பரிசோதனையைச் செய்ய வைத்தாய். காற்றை அழுத்தி மூக்குக்குள் விடுகிற மெஷினை வாங்கி வந்து, மாஸ்க்கின் பட்டையை நீயே என் தலைக்கு அளவு பார்த்து மாட்டினாய். முதல் வாரமே எனக்குக் கண் தெளிந்தது. அந்தப் பிள்ளையைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்டேன். அவன் எங்கே போய்த் தொலைந்தான் என்று தெரியவில்லை.

அந்தத் தூக்க டாக்டர் அன்றைக்குச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. நீதான் போனில் பதிவு செய்துகொண்டாய். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைச் சதை தளரும். என்னைப் போன்றவர்களுக்கு அது தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சு போகிற வழியே அடைத்துக்கொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. அப்போது மூளை ஓர் உலுக்கு உலுக்கி எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்த ஒரு கம்பி இருக்கிறதல்லவா, அந்த மாதிரிதான் இந்த உலுக்கல். தூக்க மாத்திரையும் மயக்க ஊசியும் சதையை இன்னும் தளர்த்தும், அந்தக் கம்பியையும் கட்டிப்போட்டுவிடும். வழியும் அடைக்கும், எழுப்பவும் ஆள் இருக்காது. வலிக்குப் போடுகிற சில பலமான ஊசிகள் மூச்சு விட வேண்டும் என்கிற உணர்வையே குறைத்துவிடுமாம். அதற்காக இந்த நோய்க்காரர்களுக்கு மயக்கமே கொடுக்கக்கூடாது என்று இல்லை. "எங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டா போதும்மா, நாங்க பாத்துக்குவோம். சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க" என்றார். குழுவில் இரண்டு பேர் குறட்டைக்கென்று தூக்க மாத்திரை போடுகிறீர்கள், பேர் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் காட்டாமல் இனிமேல் தொடாதீர்கள். பெரிய மாமா, நீங்கள் சாயங்காலம் ஊற்றிக்கொள்கிறீர்களே, அதுவும் தொண்டையை இப்படித்தான் தளர்த்தும்.

இவ்வளவும் தெரிந்த நீதான் மெஷினை ஒளித்தாய். ஏன் ஒளித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். குமாரபாளையத்தில் பேசிய அந்த முதல் சம்பந்தம் அப்படித்தான் முறிந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் கட்டில் ஓரத்தில் அதைப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் வெச்சுப் படுக்கற அம்மாளா" என்று கேட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதனால் ஆத்தூரிலிருந்து பெண் நிவேதாவின் வீட்டார் வருகிறார்கள் என்றதும், மெஷினைத் தறிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நூல் மூட்டைக்குள் சொருகினாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை. மூட்டையின் வாயைச் சணல் போட்டுக் கட்டினவள் நான்தான். எனக்கும் வெட்கம் இருந்தது. அதைத் தப்பு என்று இன்றைக்கு எழுதுகிறேன், அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பெண்ணைப் பெற்றவர் நம் தறிகளைச் சுற்றிப் பார்த்தார், அந்த மூட்டையின் மேலேயே கை வைத்துக்கொண்டு நூல் விலை பேசினார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

பிறகு எனக்கு அந்த வயிற்று வலி வந்தது; பித்தப்பைதான் காரணம் என்று அப்போது தெரியாது. சேலத்தில் நிவேதாவின் சித்தி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி. அவர் அங்கே மூத்த நர்ஸ். சொந்தமாகப் போகிறவர்கள் என்று அவரே முன்னால் நின்று, மறுநாள் காலையிலேயே எண்டோஸ்கோப்பிக்கு ஏற்பாடு செய்தார். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது. குழாய் விடும்போது குமட்டாமல் இருக்க லேசாக மயக்க ஊசி போடுவோம் என்றார்கள். ஒரு சின்னப் பெண் படிவத்தோடு வந்து கேட்டாள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, பல் கட்டியிருக்கிறதா. கடைசியாக, "கொறட்டை உடுவீங்களாம்மா? தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா? மெஷின் ஏதாச்சும் வெச்சுப் படுக்கறீங்களா?" என்றாள். அவ்வளவு தெளிவாக, ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டாள். சித்தி என் தலைமாட்டில் நின்று என் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாய். அவள் பேனா 'இல்லை' என்கிற கட்டத்தில் மூன்று கோடு போட்டது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாய்.

குழாய் உள்ளே இருக்கும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்ததால் அரைகுறை நினைவு எனக்கு இருந்தது. குழாயை எடுத்த பிறகு உறுத்துவதற்கு ஒன்றும் இல்லை, மருந்து மட்டும் மிச்சம். என்னைப் பக்கத்து அறையில் கட்டிலில் போட்டு உன்னை உட்கார வைத்தார்கள். விரலில் மாட்டியிருந்த கிளிப், இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுமே, அதைக் கொஞ்ச நேரத்தில் கழற்றி அடுத்த கட்டில்காரருக்கு மாட்டினார்களாம். எந்த நோயும் இல்லாத பொம்பளைக்கு அது எதற்கு? அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது முகத்தில் ஆக்சிஜன், கையில் மருந்தை முறிக்கிற ஊசி, சுற்றிலும் ஆட்கள். டாக்டர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக் கேட்டார்: "தூக்கத்துல மூச்சு நிக்கிற ப்ராப்ளம் இவங்களுக்கு இருக்கா, இல்லையா?" நீ, "இதுக்கு முன்ன எப்பவும் இல்லீங்க டாக்டர்" என்றாய். எனக்குக் காது நன்றாகக் கேட்டது. மாஸ்க்கை விலக்கிவிட்டு இவன் பொய் சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீ மருந்து வாங்கக் கீழே போனபோது அங்கே வேலை செய்கிற ஆயாம்மா எனக்குக் காபி கொண்டுவந்தார். புதுச்சத்திரத்துக்காரர். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "ஏனுங்க்கா, அந்தத் தம்பி உங்க சொந்தப் பையனுங்களா?" என்றார். ஆமாம், ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. நீங்க நல்லா கொறட்டை உட்டுட்டு இருந்தீங்க. பொறவு சத்தமே இல்லீங்க. தம்பி வெடுக்குனு எந்திரிச்சுது. உங்க மூக்குக்கிட்டக் கைய வெச்சுப் பாத்துது. அக்கட்ட அந்தப் பெரிய சிஸ்டரம்மா, உங்க சொந்தக்காரங்க, நிக்கறதப் பாத்துப்போட்டு உக்காந்துக்குச்சு. மறுக்கா எந்திரிச்சுது, மறுக்கா உக்காந்துக்குச்சு. என்னமோன்னு நாந்தான் கிட்ட வந்தனுங்க. ஒதடு நீலம் பூத்துக் கெடந்துச்சுங்க. நாந்தான் கத்துனனுங்க." அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

படிவத்தில் பொய் சொன்னதை மன்னிக்கலாம்; மயக்க ஊசி லேசானது, ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பாய். ஆனால் என் மூக்கில் கை வைத்துப் பார்த்தாயே. காற்று வரவில்லை என்று உன் கைக்குத் தெரிந்ததல்லவா? எந்த அம்மாவின் மூச்சு நிற்கிறது என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாயோ, அவளுடைய மூச்சு. சத்தம் போட்டால் "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது" என்று சித்தி கேட்பார். அதற்காக உட்கார்ந்தாய். தானாக விழித்துக்கொள்வாள், வீட்டில் விழிப்பதில்லையா என்று கணக்குப் போட்டிருப்பாய். வீட்டில் எழுப்ப மூளை இருக்கிறது. அங்கே அதைத்தான் ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். உனக்கு விளங்காத விஷயமா? நீ படித்தவன், எல்லாவற்றையும் போனில் பதிவு செய்கிறவன்.

இப்போது நான் சொல்லப் போவதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கு எட்டு மாதம். அப்போது சொந்தத் தறி இல்லை, வேறொருவர் கூடத்தில் கூலிக்கு ஓட்டினேன். தூளியைத் தறிக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொள்வோம். தறிச் சத்தத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சத்தம் தாலாட்டு; கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் அழும். உனக்குப் பல் முளைக்கிற காலம், எந்தச் சத்தத்திலும் தூங்கவில்லை. அன்றைக்குத் தறியில் ஏற்றிய பாவு நூல் முழுவதையும் நெய்து முடித்தாக வேண்டும் என்று முதலாளி நின்றார். கூடத்தில் நாலு தூளி தொங்கினால் மூன்றில் சளி மருந்துதான் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் ஒரு மூடி புகட்டினேன். தூங்கவில்லை என்று இன்னொரு மூடி புகட்டினேன். மத்தியானம் பால் கொடுக்கத் தூக்கினால் உன் தலை என் தோளில் நிற்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. செருப்புப் போடாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு கடைவீதி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உன் அப்பத்தாள் பின்னாலேயே வந்துவிட்டாள். டாக்டர், "கொழந்தைக்கு என்ன மருந்தும்மா குடுத்தீங்க?" என்றார். மாமியார் பக்கத்தில் நிற்கிறாள். "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று தெரியாமலேயே அந்த மனிதர் சாயங்காலம் வரை உன்னோடு போராடினார். நீ பிழைத்தது அவருடைய கெட்டித்தனம், என் யோக்கியதை அல்ல.

அதனால் டாக்டரிடம் பொய் சொல்ல நீ எங்கே கற்றாய் என்று நான் யாரையும் கேட்க முடியாது. என் இரத்தத்தில்தான் இருக்கிறது, பாலோடு கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மனதார. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு சமன் செய்துகொள்ளாதே. நான் பொய் சொன்னேன், ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். நீ உட்கார்ந்துவிட்டாய். இந்த ஒரு மாதமாகத் தறி முன்னால் நின்றாலும் சோறு தின்றாலும் எனக்கு இதே நினைப்புதான். உன்னைப் பார்த்தால் வெறுப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

சரி, நான் செய்ததைக் கேள். நேற்றுக் காலை மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனேன். அதே ஆஸ்பத்திரிதான். பொய் சொன்ன இடத்திலேயே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா முன்னால் மெஷினையும் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வைத்தேன். மாத்திரை போட்ட கதை, படிவத்தில் மூன்று கோடு, எல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். மருந்தைக் குறைத்து, பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களாம். வலிக்கு அந்தப் பலமான ஊசியை முடிந்தவரை தவிர்ப்பார்களாம். விழித்ததும் மெஷினை மாட்டித் தலையை உயர்த்திப் படுக்க வைத்து, விரலில் கிளிப்பைக் கழற்றாமல் ஒரு ராத்திரி முழுக்கக் கண்காணிப்பார்களாம். இவ்வளவுதான் விஷயம். ஒரு 'ஆமாங்க' சொல்லியிருந்தால் அன்றைக்கே இதெல்லாம் நடந்திருக்கும். வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. அவர் சொல்லி நிவேதா வீட்டார் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று அங்கிருந்தே ஆத்தூர் பஸ் ஏறினேன்.

அவர்கள் சேலைக் கடைக்கு மேலேதான் வீடு. நிவேதாவும் அவள் அப்பா அம்மாவும் இருந்தார்கள். மெஷினை மேஜை மேல் வைத்து, மாஸ்க்கை மாட்டி, ஓடவும் விட்டுக் காட்டினேன். இதை மூட்டைக்குள் ஒளித்தோம் என்றேன். நீங்கள் கை வைத்துக்கொண்டு பேசினீர்களே அதே மூட்டை என்றேன். அவள் அப்பா மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல மறைக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? சர்க்கரை மாதிரி இதுவும் ஒண்ணு" என்றார். அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். கல்யாணம் தப்பித்திருக்கும், நீயும் தப்பித்திருப்பாய். நான் எழவில்லை. ஆயாம்மா சொன்னதையும் சொன்னேன். பெண்ணைக் கொடுக்கிறவர்கள், தெரிந்துகொண்டு கொடுக்கட்டும். அவள் அம்மா உள்ளே எழுந்து போய்விட்டார்.

நிவேதா என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டாள். பையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நாமகிரிப்பேட்டை வழியாகப் போகிற ராசிபுரம் பஸ்ஸில் என்னை உட்கார வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அத்தை, எங்க சித்தி முன்னாடி மானம் போயிடும்னு அவரு உங்களை அப்படியே விட்டுட்டு உட்கார்ந்தாரு. நாளைக்கு நான் அந்தக் கட்டில்ல கிடந்தா, அவரு யார் முன்னாடி பயந்து உட்காருவாரு?"

அவன் நல்லவன்தான் கண்ணு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உன்னைப் பெற்ற வாய் அல்லவா? மாஸ்க்குக்குப் பட்டை அளவெடுத்ததைச் சொல்லலாமா, மாத்திரையைப் பிடுங்கிப் பூட்டியதைச் சொல்லலாமா என்று அலைந்தேன். அந்தப் பெண் ஜன்னலைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். "அதை நீ அவங்கிட்டயே கேட்டுக்கோ சாமி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன் என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. ராசிபுரம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து சீட்டுப் பொம்பளை எந்த ஊரில் சாவு என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீ வர வேண்டாம். பக்கத்துத் தறிக்கூடத்து அக்கா வருகிறார், கையெழுத்தும் அவர்தான் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனை மட்டும் எடு. அவளிடம் நீ என்ன சொல்வாய் என்று நேற்றிலிருந்து நானும் யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அம்மா